வழிமொழியாரின் வயிறும் என் பெரிய திரையும்

எங்கள் பக்கத்தில் கல் இல்லாத அரிசி குற்றிக் கொடுத்த முதல் மில்லை வைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சண்டைக் காலத்தில் அந்த மில்லின் கூரை போனது; போட்டேன். மறுபடியும் போனது, மறுபடியும் போட்டேன். யானை வந்து சுவரை இடித்துவிட்டு நெல்லையும் தின்றுவிட்டுப் போனது. அது போன திசையைப் பார்த்து ஏசிவிட்டு அதே இடத்தில் அதைவிடத் தடிப்பான சுவர் வைத்தேன். வெள்ளம் அள்ளிக்கொண்டு போன சின்னப் பாலத்தை, அளவெடுக்க ஆட்கள் வருவதற்கு முன்பே என் உழவு இயந்திரத்தில் கல் ஏற்றி நிரப்பியவனும் நான்தான். இதையெல்லாம் எவனும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

யானையும் வெள்ளமும் துவக்குச் சூடும் நிறுத்தாத என்னை ஒரு மனிதர் நிறுத்தினார். கையால் இல்லை, வாயால் இல்லை, வெறுமனே எழுந்து நின்று நிறுத்தினார். மட்டக்களப்பு வாவியின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரைக்கும் தேடினாலும், எழுந்து நின்றே மற்றவன் உயிரை எடுக்கிற அப்படி ஒரு ஆள் கிடைக்கமாட்டார். அவர்தான் வழிமொழியார்.

இது பெற்றோர் வைத்த பேர் இல்லை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பேர் வேறு. அது என்ன என்று கேட்டால் அவருடைய மனைவி அக்னேஸ் அக்காவே ஒருகணம் யோசித்துத்தான் சொல்லுவார். எழுவான்கரையில், அதாவது வாவியின் சூரியன் உதிக்கிற பக்கத்தில், தோணியும் வலையுமாக வாழ்ந்த மனிதர். ஆள் நல்ல உயரம். வயிறு உயரத்தைவிடப் பிரபலம். வாசலில் முதலில் வயிறு வரும், சற்று நேரத்தில் அவர் வருவார்.

எந்தக் கூட்டத்திலும் யார் எதை முன்மொழிந்தாலும் வழிமொழிவது அவர்தான். அதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவரிடம் இல்லை. தோளில் கிடக்கும் துவாயை எடுத்துக் கதிரையின் முதுகில் போடுவார். சாரனை ஒரு தடவை அவிழ்த்து இறுக்குவார். தொண்டையைச் செருமுவார். இரண்டு கைகளையும் அகல விரித்து, உள்ளங்கை இரண்டையும் சபைக்குக் காட்டுவார். ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று சோதனைச் சாவடியில் காட்டுவது போல இருக்கும். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு சொல்: "வழிமொழிகிறேன்." அதற்குள் தேத்தண்ணி ஆறி, முன்மொழிந்தவனுக்கே தான் என்ன முன்மொழிந்தேன் என்பது மறந்துபோகும்.

கூட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு செத்தவீட்டில், கிடத்தி வைத்திருந்தவரைப் பார்த்து யாரோ "நல்ல மனிசன்" என்றார்கள். இவர் துவாயை எடுத்தார், எழுந்தார், கையை விரித்தார், வழிமொழிந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை "சம்மதம்" என்று சொன்ன அடுத்த கணம் நாலாவது வரிசை வாங்கிலிருந்து இவருடைய குரல் எழும்பியது. சுவாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பஸ்ஸில் நடத்துனர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்தினால், அதையும் வழிமொழிந்துவிட்டு இவர் வாசலிலேயே நிற்பார்.

"நீங்களும் போங்கய்யா உள்ளுக்கு."

"தம்பி, நான் வழிமொழிஞ்ச ஆள். நிறைவேத்துறது மற்றவங்கட வேலை."

இப்படிப்பட்ட ஒரு ஆளின் கையில் எங்கள் முழு வட்டையின், அதாவது வயல்வெளியின், தலையெழுத்தும் போய் மாட்டியது எப்படி என்று சொல்லுகிறேன்.

வாவியைப் பார்த்திராத வாசகர்களுக்கு: சூரியன் விழுகிற பக்கம் நாங்கள் இருக்கிற படுவான்கரை. நாங்கள் வேளாண்மைக்காரர். அந்தப் பக்கம் அவர்கள், மீன்காரர். மாரியில் காட்டுத் தண்ணீர் எல்லாம் வந்து வாவியில் விழும். வாவி கடலுக்குப் போகிற முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மணலை வெட்டி வாயைத் திறந்துவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், எங்கள் பயிர் தப்பும். ஆனால் அதோடு வாவியில் வளர்ந்துகொண்டிருக்கிற இறாலும் கடலுக்கு ஓடும். வெட்டாவிட்டால் எங்கள் வயிறு காயும். வெட்டினால் அவர்கள் வயிறு காயும். இரண்டும் நியாயமான வயிறு. அதனால்தான் அந்தச் சண்டை ஓயவில்லை.

அதற்காக இரண்டு கரையும் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு வைத்தோம். விதி ஒன்றே ஒன்று. ஒரு கரை முன்மொழிந்தால் மறு கரை வழிமொழிய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வாயை வெட்டச் சொல்லி மேலிடத்தில் கேட்கலாம். எங்கள் கரையில் முன்மொழிவது நான். வேறு யார்? அந்தக் கரையில் வழிமொழிவது அவர். வேறு யார் வழிமொழிந்தாலும் எழுவான்கரை ஆட்கள் அதைத் தீர்மானமாகவே எடுக்கமாட்டார்கள். "அவர் எழும்பி நிண்டாரா?" என்று மட்டும்தான் கேட்பார்கள்.

ஒரு மாரியில் வெள்ளம் வந்து கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்தது. வீதி தண்ணீருக்குள். காற்றுக்குத் தோணி எடுக்க வேண்டாம் என்று கட்டளை. நாங்கள் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்த்தோம். அவர்கள் அந்தக் கரையில் நின்று எங்களைப் பார்த்தார்கள். நடுவில் வட்டை அழுகியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு கரையிலும் ஆளுக்கொரு போன் இருந்தது. கனடாவில் பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததை அந்தப் போனில் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். லண்டனில் நடக்கிற கல்யாணத்துக்கு இங்கேயிருந்து ஆலாத்தி எடுக்கிறார்கள். கூட்டம் என்று வந்தால் மட்டும் தோணியில்தான் போக வேண்டுமாம்! கையில் வைத்திருந்தது போனா, செங்கட்டியா?

எங்கள் கரையில் குழு கூடுகிற மண்டபத்துக்குப் பெரிய திரை வாங்கிக் கொடுத்தவன் நான். அதன் தலையில் கமரா, பக்கத்தில் ஒலிபெருக்கி, மின்சாரம் போனால் ஓடுவதற்கு பெட்டரி. எல்லாம் நான். பூட்டி, ஓட்டிக் காட்டியது என் மருமகள் சுகந்தி. வங்கியில் வேலை செய்கிறவள். அவளுடைய அலுவலகத்தில் கொழும்போடு தினமும் இப்படித்தான் கூட்டமாம். "மாமா, இது பெரிய வேலை இல்ல, போனில கதைக்கிற மாதிரித்தான்" என்றாள். பாவம், அவளுக்கு எங்கள் குழுவைத் தெரியாது.

முதலில் செயலாளர் வந்தார். ஓய்வு பெற்ற கிளாக்கர். கக்கத்தில் காகிதக் கோவை இல்லாமல் அவரை நான் கண்டதில்லை.

"மில்லார், வந்தவங்க கையெழுத்து வைக்கணுமே. இதில எப்பிடி வைக்கிற?"

"அதுதான் முகம் தெரியிதே ஐயா."

"முகத்தக் கோவையில ஒட்ட ஏலாதே."

அடுத்தவர் ரோல்ஸ் எப்படி வரும் என்று கேட்டார். கூட்டம் என்றால் ரோல்ஸும் தேத்தண்ணியும் வர வேண்டும், அது வராத இடத்தில் எதற்குக் கூடுவது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இன்னொருவர் பிரச்சினை வேறு: "எனக்குப் பிடிக்காத கதை வந்தா நான் வெளிய போய் ஒரு வெத்திலை போட்டுட்டு வருவன். இதில எங்க போற?" ஒருவர் மட்டும் தனியாக என்னிடம் வந்து, தன் வீட்டுச் சுவர் மழைக்கு ஊறிக் கறுத்துப்போய்க் கிடக்கிறது, அது எல்லாருக்கும் தெரியுமே என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு மட்டும் நான் ஏசவில்லை. பின்னால் தொங்கவிட ஒரு நல்ல துணி கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவர்களையெல்லாம் உருட்டியும் மிரட்டியும் வழிக்குக் கொண்டு வந்துவிட்டேன். கடைசியாக வழிமொழியார் தோணியில் வந்து இறங்கினார். திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கமராவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். சுகந்தி தன் போனில் யாரோ சிநேகிதியை எடுத்து அந்தப் பெரிய திரையில் காட்டினாள். சிரித்த முகம், நல்ல வெளிச்சம்.

"மச்சான், இந்தப் புள்ளைக்குப் பக்கத்தில ஆர் நிக்கிற?" என்றார்.

"ஆரும் இல்ல."

"நீ சொல்லுறாய். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவ தனியத்தான் இரிக்கா!"

"படத்துக்கு உள்ள தனிய. வெளிய?"

"வெளிய இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அதத்தான் நானும் கேக்கிறன். படத்துக்கு வெளிய நிக்கிறவன் ஆர்?"

எனக்கு மண்டைக்குள் மில் ஓடியது. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் இதே கேள்விதான். சந்தையில் கண்டால் கேட்பார். கோயில் திருவிழாவில் கண்டால் கேட்பார். நான் புளியந்தீவில் பல்லுப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு வந்துகொண்டிருந்தபோதும் மறித்துக் கேட்டார். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்டதாக இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

சரி, பரீட்சைக்கு ஒரு கூட்டம் வைப்போம் என்றேன். அவரவர் வீட்டில் இருந்துகொண்டு போனில் சேருங்கள் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினோம். அன்றைக்குக் காலையில் மண்டபத்தைத் திறந்தால் படுவான்கரைக் குழு முழுவதும் வெள்ளை வேட்டியோடு வாசலில் நிற்கிறது.

"ஏன் வந்தீங்க? வீட்ட இரிக்கச் சொன்னதெல்லவா?"

"கூட்டம் எண்டீங்க."

"போனில எண்டனே!"

"ஓம், போனில எண்டுதான் விளங்கினது. அதுதான் எல்லாரும் சேந்து பாப்பம் எண்டு வந்த."

அந்தக் கரையில் இதைவிட மோசம். எல்லாரும் கோயில் மண்டபத்தில் கூடி, இருந்த போன்களில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதைத் தலைவரின் கதிரையில் இருத்தி, மாலையும் போட்டிருந்தார்கள். கூட்டம் என்றால் விளக்கேற்ற வேண்டுமே. போனுக்கு முன்னால் குத்துவிளக்கை வைத்து ஏற்றினார்கள். என் பெரிய திரையில் ஒரு பெரிய நெருப்பு. அதற்குப் பின்னால் பூதங்கள் போல ஆட்கள். செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்தது அகவணக்கம். எங்கள் பக்கம் இறந்தவர்களை நினைத்து மௌனமாக நிற்காமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. நின்றோம். நேரில் கூடினால் தலைவர் செருமுவார், உட்காருவோம். இப்போது தலைவர் எந்தக் கரையில்? நாங்கள் அவர்கள் செருமட்டும் என்று நின்றோம். அவர்கள் நாங்கள் செருமட்டும் என்று நின்றார்கள். யாரும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதாக்கும் என்று சுகந்தி கம்பியைப் பிடுங்கிச் சொருகினாள். திரும்பி வந்த படத்திலும் அப்படியே நிற்கிறார்கள். கால் கடுத்து ஒருவர் விழப் பார்த்தார். கடைசியில் அந்தக் கரையில் ஒரு சேவல் கூவியது. அதைத்தான் தலைவரின் செருமலாக எடுத்துக்கொண்டு இரண்டு கரையும் உட்கார்ந்தோம்.

நான் ஒரு சின்னத் தீர்மானத்தை முன்மொழிந்தேன். வழிமொழியார் எழும்பினார். துவாய் போனது. சாரன் இறுகியது. அந்த உயரத்துக்குத் தலை படத்துக்கு மேலே போய்விட்டது. கைகள் இரண்டு பக்கமும் வெளியே போய்விட்டன. மில் அளவான என் திரையில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, வயிறு. நடுவில் தொப்புள். அது மூச்சு விட்டது. எங்கள் மண்டபம் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்து அணில் விழுந்தது.

"என்ன சிரிப்பு?" என்றது வயிறு.

"அண்ணே, முகத்தக் காணல்ல! இரிங்க! இருந்து சொல்லுங்க!"

வயிறு கீழே இறங்கி முகம் வந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. "இது நிண்ட கணக்கில்ல" என்றார். "நிண்டா என்னைத் தெரியல்ல. இருந்து நான் சொல்லமாட்டன். இது கூட்டமில்ல." துவாயை எடுத்துத் தோளில் போட்டார். அத்தோடு எழுவான்கரை முழுவதும் எழும்பிப் போனது. கதிரையில் மாலையோடு போன் மட்டும் இருந்தது.

திரைக்கு மேல் ஒரு தார்ப்பாய்ப் படங்கைப் போட்டு மூடினார்கள். இடையில் வெளியிலிருந்து சிலர் வந்து இதே மண்டபத்தில் இணையத்தில் கூட்டம் நடத்துவது பற்றிப் பட்டறை வைத்தார்கள். பதாகை கட்டினார்கள், சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள், எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் திரையின் படங்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. பதாகையைக் கட்டியதே அந்தப் படங்கின் மேல்தான். இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா வராதா?

பிறகு வந்தது பெரிய மழை. கிரான் பக்கத்தில் வீதியில் தோணி ஓடுகிறது என்றார்கள். வெல்லாவெளிப் பக்கமும் தண்ணீர் என்றார்கள். எங்கள் வட்டையில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. அன்றைக்கே வாய் வெட்டக் கேட்டால் தப்பும். விட்டால் வேருக்குக் கீழே சேறுதான் மிஞ்சும். அந்தக் கரைக்குப் போக வழியில்லை. குழு முழுவதையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டு வந்தேன். படங்கை நானே பிடுங்கி எறிந்தேன். சுகந்தி திரையை ஓடவிட்டாள். அகவணக்கம் கிடையாது, விளக்குக் கிடையாது, செத்தவர்கள் எங்களை மன்னிப்பார்கள் என்றேன்.

அந்தக் கரையில் கோயில் மண்டபத்துக்குள்ளும் தண்ணீர் ஏறப் பார்த்தது. அக்னேஸ் அக்காதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் மீன்காரர் எல்லாரும் நனைந்துபோய் நின்றார்கள். காலையிலிருந்து தங்களுக்குள் சண்டை பிடித்து ஓய்ந்த முகங்கள். பாதிப் பேர் வெட்டுவோம் என்றார்கள், பாதிப் பேர் இறால் இன்னும் விரலளவு வரவில்லை என்றார்கள். முடிவை வழிமொழியாரிடம் விட்டிருந்தார்கள்.

நான் முன்மொழிந்தேன். முகத்துவாரத்தை உடனே வெட்டக் கேட்க வேண்டும் என்று, என் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் மிகச் சின்னதாகப் பேசினேன்.

வழிமொழியார் துவாயை எடுத்தார். எழும்பினார். வயிறு.

இந்தத் தடவை எவனும் சிரிக்கவில்லை.

"அக்கா, போனை ஒள்ளுப்பம் மேல தூக்குங்க!" என்று சுகந்தி கத்தினாள்.

"அக்னேஸ் பிடிக்க வேணாம்" என்றார் வழிமொழியார். "படத்துக்கு வெளிய ஆக்கள் நிக்கப்படாது."

"வெளிய நிக்கிறது நான்தானே! உனக்கு வேற ஆர் நிப்பா?"

"மறுகா, பொண்டாட்டி சொல்லிக் குடுத்து நிண்டவன் எண்டுவாங்க."

"கலியாணம் முடிச்ச நாள் தொட்டுச் சொல்லிக் குடுக்கிறன், ஒண்டு கேட்டயா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மச்சான், இருந்த இடத்தில இருந்து சொல்லித் தொலையன்டா! வட்டை அழுகுது!" என்று கத்தினேன். ஒலிபெருக்கி கீச்சிட்டது.

அவர் குனிந்து முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வந்தார். திரை முழுவதும் அவருடைய முகம். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"மில்லார், கேளு. சண்டைக் காலத்தில ஒருநாள் எங்களக் கதிரையில இருத்தி முகத்த மட்டும் படம் பிடிச்சாங்க. ஓம் எண்டு சொல்லச் சொன்னாங்க. சொன்னம். படத்தில பாத்தா நல்ல விருப்பத்தோட சொன்ன மாதிரித்தான் இரிக்கும். பக்கத்தில ஆர் நிண்ட, கையில என்ன இருந்த எண்டு படத்தில இல்ல. எங்கட ஆக்களே எங்களக் கேட்டாங்க, ஏன்டா ஓம் எண்ட எண்டு. அண்டையில இருந்து நான் குந்தியிருந்து சொல்லுறல்ல. இண்டைக்கு எங்கட ஆக்கள்ர இறாலை நான் கடலுக்குக் குடுக்கிறன். என்ன ஆரும் பிடிச்சி வெச்சிச் சொல்லவைக்கல்ல எண்டு ரெண்டு கரையும் பாக்கணும். தலை, கை, கால், எல்லாம் பாக்கணும்."

மண்டபத்தில் யாரும் அறிவிக்காத ஒரு அகவணக்கம் நடந்தது.

வலைக் கயிற்றை எடுத்துப் போனை யன்னல் கம்பியில் கட்டினார்கள். வழிமொழியார் மழைக்குள் இறங்கிப் பின்னால் நடந்தார். முழங்கால் தண்ணீர். முற்றத்துக்கு அங்கால் கவிழ்த்து வைத்திருந்த தோணி ஒன்றின் மேல் ஏறினார். எங்கள் பக்கம் முகம் காட்டிக் கிறுகி நின்றார். இப்போது எல்லாம் தெரிந்தது. தலை, துவாய் இல்லாத தோள், வயிறு, சாரன், பாதம். சுற்றி நாலு பக்கமும் தண்ணீர், ஒரு மனிதன் இல்லை. கையை விரித்தார். உள்ளங்கை இரண்டும் மழையில் நனைந்தன. வாய் அசைந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது.

"கேக்குதில்ல!"

இறங்கி வந்தார். கிட்ட வந்து சொன்னார். கேட்டது. ஆனால் வயிறு. "நிண்ட கணக்கில்ல" என்று அவரே சொல்லிவிட்டுத் திரும்பவும் தோணிக்கு நடந்தார். திரும்பவும் ஊமைப் படம். உடம்பு வந்தால் குரல் இல்லை, குரல் வந்தால் உடம்பு இல்லை. செயலாளர் இரண்டையும் சேர்த்து எழுதலாமா என்று கோவையைப் புரட்டினார். கோவையைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட நினைத்தேன்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எனக்கு, கவனிக்கவும், வேறு யாருக்கும் இல்லை. "அக்கா! வாவியில ஒரு தோணியில இருந்து மற்றத் தோணிக்குக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடச் சொல்லுங்க!"

அக்னேஸ் அக்கா யன்னலால் தலையை நீட்டிச் சொன்னார். வழிமொழியார் தலையாட்டினார். நெஞ்சு முட்டக் காற்று இழுத்தார். வயிறு ஏறி இறங்கியது.

"வழி...மொழி...கிறேன்...!"

திரை அதிர்ந்தது. மண்டபக் கூரையிலிருந்த காகம் எல்லாம் எழும்பியது. எங்கள் கிழட்டு நாய் வாவியைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் கரையில் நின்ற மீன்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அவர் நிண்டார்" என்று யாரோ சொன்னது எங்களுக்கும் கேட்டது.

வாய் வெட்டப்பட்டது. தண்ணீர் இறங்கியது. பயிர் தலையைத் தூக்கியது. அந்தக் கரையில் இறால் போனது. அறுவடை முடிந்ததும் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி அனுப்பியவன் நான். வழிமொழியார் மட்டும் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். கூட்டத்தில் முன்மொழியாத அரிசியை ஏற்க முடியாதாம். அடுத்த கூட்டத்தில் முன்மொழிந்தேன். எழுந்து நின்று வழிமொழிந்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இனித்தான் என் வயிறு எரிகிற இடம்.

எல்லாம் முடிந்தபிறகு எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவருடைய குரல் திரையால் வரவில்லையாம்! வாவிக்கு மேலால் நேரே வந்ததாம்! அன்றைக்குக் காற்று அந்தக் கரையிலிருந்துதான் அடித்ததாம். நாய் திரையைப் பார்த்துக் குரைக்காமல் வாவியைப் பார்த்துக் குரைத்ததே, அது போதாதா சாட்சிக்கு என்கிறார்கள். என் மருமகள் கம்பிகளைக் காட்டி விளக்கினாள். எவன் கேட்டான்? "குரல் கேட்டது" என்று மட்டும் செயலாளர் எழுதினார். எதனால் கேட்டது என்று எழுதவில்லை. மண்டபச் சுவரில் ஒற்றுமை பற்றி ஒரு கல் பதித்தார்கள். பேச வந்தவர்களின் பேர் எல்லாம் அதில் இருக்கிறது. என் பேர் இல்லை. என் திரைக்கு மறுபடியும் படங்கு. இப்போது மாரி வந்தால் பழையபடி கரையில் நின்று காற்றைப் பார்க்கிறார்கள்.

வழிமொழியார் இப்போது அவுஸ்திரேலியாவில், மகள் வீட்டில். முழங்கால் சரியில்லை, அக்னேஸ் அக்காவும் கூடப் போய்விட்டார். அங்கே போய்ச் சேர்ந்த கையோடு எனக்கு அழைப்பு எடுத்தார். படத்தோடு.

"மச்சான், அடுத்த கூட்டம் எப்ப?"

"உனக்கென்ன கூட்டம்? நீதான் அங்க போயிட்டயே."

"உன்ட அந்தப் பெரிய திரை கிடக்கா?"

"கிடக்கு. படங்குக்குக் கீழ."

"என்னயும் அதில சேக்க ஏலாதா?"

வாசகர்களே, எனக்குச் சிரிப்பதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியவில்லை. என் திரையைப் படங்கால் மூடவைத்த மனிதர் கேட்கிறார்! குழுவிடம் போய்ச் சொன்னேன். செயலாளர் கோவையைத் திறந்தார். எழுந்து நின்றவர் தலையிலிருந்து கால் வரை சபைக்குத் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறதாம். வெள்ளத்துக்குப் பிறகு அதைக் கொண்டு வந்தது யார்? வழிமொழியார். சரி, அவர் பின்னால் போய் நிற்கட்டும் என்றேன். அங்கேதான் சிக்கல். அந்த நாட்டு அறையில் அவ்வளவு தூரம் பின்னால் போக இடமில்லை. இரண்டு அடி வைத்தால் சுவர். வெளியே நின்று வாவிக் குரலில் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார். அவர் என்னோடு எழுந்து நின்று பழகிப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிவது வயிறு மட்டும்தான். அது கொஞ்சம் வற்றியிருக்கிறது. அதைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கரையில் அவருக்குப் பிறகு வந்தவர்கள் இருந்தபடியே கையைத் தூக்குகிறார்கள். தூக்கிய கையால் மற்றக் கையில் இருக்கிற ரோல்ஸை மாற்றிப் பிடிக்கிறார்கள். அதற்குப் பேர் வழிமொழிதலாம்.

ஆகவே, வருகிற பொதுக்கூட்டத்துக்கு இப்போதே எழுத்தில் முன்மொழிகிறேன். திரையின் மேல் கிடக்கும் படங்கை எடுக்க வேண்டும். சுவரிலிருக்கும் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிய கல் பதிக்க வேண்டும். திரையைக் கொண்டு வந்தவன் என்று என் பேர் அதில் வர வேண்டும். அந்தத் திரையில் எழுந்து நின்றவர் என்று வழிமொழியாரின் ஞானஸ்நானப் பேர் வர வேண்டும். அது என்ன என்று அக்னேஸ் அக்காவிடம் நான் கேட்டு வைத்திருக்கிறேன்.

விதிப்படி இதை மறு கரை ஆள் ஒருவர் வழிமொழிய வேண்டும். ஆள் தயார். எழுந்து நிற்கட்டும். தலை தெரியாது போனால் போகட்டும், கை கால் தெரியாது போனால் போகட்டும். அந்த வயிறு யாருடையது என்று சபைக்கு நான் சாட்சி. படத்துக்கு வெளியே நிற்பது யார் என்று எவனாவது கேட்டால், மில்காரன் நிற்கிறான் என்று கூட்டறிக்கையில் எழுதுங்கள். பேரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.